மழை இல்லாத மாதத்தில் அது என்ன தின்னும்

கலியாணமாகிப் பதினோராவது நாள் நான் சிட்னிக்கு விமானம் ஏறினேன். எண்பத்து நான்காம் ஆண்டின் தொடக்கம் அது. அக்கா ஏற்கனவே இங்கே இருந்தபடியால் எனக்கு விசா கிடைத்திருந்தது. மனைவிக்கும் கிடைத்திருக்கும். ஆனால் அவளுடைய தகப்பன் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துப் படுக்கையில் கிடந்தார். அவளுக்குத் தாய் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. அவரை விட்டுவிட்டு அவள் வர முடியாது, அவரைக் கூட்டிக்கொண்டு வரவும் வழியில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் அவர்களை விட்டுவிட்டு வந்தேன். "ஒரு வருசத்துக்குள்ள ஏதாவது வழி வரும்" என்று சொன்னேன். அவள் "ஓம்" என்றாள். அந்தப் பதினொரு நாளில் அவள் என்னிடம் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

மாமாவை எனக்கு அதைவிடக் குறைவாகத் தெரியும். தென்னிலங்கையில் கலவானைப் பக்கம் பெருங்காட்டின் ஓரத்தில் இருந்த ஒரு றப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்தவர். முந்தின வருட ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்தது. மகளோடு முகாமுக்கு வந்த இடத்தில்தான் இந்தப் பாரிசவாத வருத்தம் வந்தது. பேச்சு குழறும். கலியாணத்தன்று அவரைக் கதிரையில் தலையணை வைத்து இருத்தியிருந்தார்கள். நான் காலில் விழுந்தபோது இடது கையை என் தலையில் வைத்தார். எங்களுக்குள் நடந்தது அவ்வளவுதான்.

சிட்னியில் மூன்று மாதம் வேலை தேடினேன். கொழும்பில் நான் வங்கியில் இருந்தவன். இங்கே அந்த அனுபவத்தை ஒருவரும் ஏற்கவில்லை. நான் தங்கியிருந்த பிளாட்டில் எங்களவர்கள் நான்கு பேர் இருந்தோம். அதில் ஒருவர் சொல்லித்தான் அந்த வேலைக்குப் போனேன். நகரத்துக்குத் தெற்கே, ஹெலன்ஸ்பர்க் பக்கம், கடலை நோக்கி இறங்கும் மலைச்சரிவுகளில் காட்டைத் துப்புரவாக்குகிற வேலை. அதாவது, அந்தக் காட்டுக்குச் சொந்தமில்லாத செடிகளைப் பிடுங்குவது. முக்கியமாக நாயுண்ணி. ஊரில் வேலியோரம் பூத்து நிற்கும் அதே நாயுண்ணி, இங்கே ஓடைப்பள்ளங்களை மூடி ஆள் உயரத்துக்கு மேல் பற்றையாகக் கிடந்தது. முழங்காலை ஊன்றி, வேரோடு தோண்டி, முள் குத்தாமல் சுருட்டி வைக்க வேண்டும்.

முதல் கடிதத்தில் "அரசாங்க வேலை, சுற்றாடல் சம்பந்தமானது" என்று எழுதினேன். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் மேற்கொண்டு வேலையைப் பற்றி எழுதினால் உண்மை தெரிந்துவிடும். பிளாட்டைப் பற்றி எழுதினால் நான்கு ஆண்கள் இரண்டு அறையில் மெத்தை போட்டுப் படுப்பது தெரிந்துவிடும். ஆசையைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. பதினொரு நாள் பழகிய பெண்ணுக்கு அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல், ஏரோகிராமில் பாதியை வெறுமையாக விட்டு ஒட்டி அனுப்பினேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் பறவையைக் கண்டேன்.

பள்ளத்தின் அடியில், தண்ணீர் மெல்லக் கசிகிற இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். மேலே மரங்கள் கவிந்து பகலிலும் மங்கலாக இருக்கும். கீழே கணுக்கால் புதைகிற சருகு. நான் இழுத்தெறிந்த வேரின் அருகே ஒரு சருகு அசைந்தது. பார்த்தால் சருகு இல்லை, குருவி. மைனாவைவிடக் கொஞ்சம் பெரிது. முதுகு மஞ்சள் கலந்த மண்நிறம், அதன் மேல் மீன் செதில் போலக் கறுப்புப் பிறைகள். நெஞ்சு வெள்ளை, அதிலும் அதே பிறைகள். நாலடி ஓடும், நிற்கும். தலை அப்படியே நிற்க, உடம்பை மட்டும் முன்னும் பின்னும் ஆட்டும். பிறகு திடீரென்று அலகை மண்ணுக்குள் விட்டு ஒரு நீளமான மண்புழுவை இழுத்தது. அறுந்துவிடாமல், பொறுமையாக, கொஞ்சம் கொஞ்சமாக. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் தேநீருக்குக் கூப்பிட்டது கேட்கவில்லை.

எங்கள் மேற்பார்வையாளர் ஐம்பது வயது தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. ஒல்லி. பேச்சு குறைவு. அவர்தான் அது த்ரஷ் இனம் என்று சொன்னார். தமிழில் அந்த இனத்தைப் பூங்குருவி என்று சொல்வார்கள் என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரியும். பூவின் பக்கம் தலைவைத்தும் படுக்காத ஒரு குருவிக்கு அந்தப் பெயரை வைத்தவர் யாரோ தெரியாது. அதற்கு வேண்டியது நிழல், ஈரம், மக்கிய சருகு, அதற்குள் புழு. வெயில் விழும் இடத்துக்கு அது வராது.

அடுத்த நாள் நான் உற்சாகத்தில் ஒரு முழுப் பற்றையையும் ஒரே மூச்சில் வெட்டிச் சாய்த்தேன். பாராட்டு வரும் என்று நினைத்தேன். அந்தப் பெண்மணி வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தபடி நின்றார்.

"நேற்று நீ பார்த்தாயே, அது இதற்குள்தான் ஒளியும்" என்றார். "மரக்கன்று வளரும் வரைக்கும் அதற்கு இதுதான் வீடு. கொஞ்சம் எடு, பொறு. கன்று முளைக்கட்டும். பிறகு கொஞ்சம் எடு."

அன்று பின்னேரம் ஏரோகிராம் நிறைய அந்தப் பறவையைப் பற்றி எழுதினேன். எழுத எழுத இடம் போதாமல் ஓரமெல்லாம் எழுதினேன். அதில் பொய் சொல்ல வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை.

மூன்று கிழமையில் பதில் வந்தது. அவளுடைய உருண்டைக் கையெழுத்து. வழக்கம்போல "அன்புள்ள அத்தானுக்கு, நாங்கள் சுகம், நீங்களும் சுகமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்" என்று தொடங்கியது. அதற்குப் பிறகு வழக்கத்துக்கு மாறாக ஒரு கேள்வி. அந்தக் குருவிக்குச் செட்டையில் இரண்டு வரி வெள்ளைப் புள்ளி இருக்கிறதா? முகத்தில் மேலிருந்து கீழாக இரண்டு கறுத்தக் கோடு இருக்கிறதா? பின்னேரம் இருட்டப் போகிற நேரத்தில் பாடுமா? மழை இல்லாத மாதத்தில் மண் இறுகிவிடுமே, அப்போது அது என்ன தின்னும்?

நான் அந்தக் கடிதத்தை ரயிலில் வைத்து நாலு தரம் வாசித்தேன்.

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் ரயிலில் ஒட்ஃபோர்ட் வரை போய், அங்கிருந்து நடந்து பள்ளத்தில் இறங்குவேன். பிளாட்டில் இருந்தவர்கள் எனக்கு யாரோ வெள்ளைக்காரி அகப்பட்டுவிட்டாள் என்று முடிவு செய்தார்கள். ஒருவர் மட்டும் கவலையோடு, "தம்பி, கலியாணம் கட்டினனீ, கவனம்" என்றார். குருவி பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் அதைவிட மோசமாக நினைப்பார்கள் என்று பேசாமல் இருந்தேன்.

பார்த்ததை எழுதினேன். செட்டையில் புள்ளி வரிசை இல்லை. பாடும், ஆனால் குளிர்காலத்தில், விடியப்போகும் நேரத்தில், பக்கத்தில் நின்றால்தான் கேட்கும் அளவுக்கு மெதுவாக. மழை இல்லாத மாதத்தில் அது ஓடையின் அடிவரைக்கும் இறங்கிவிடும். அங்கே கல்லுக்குக் கீழே ஈரம் இருக்கும். புழு ஆழத்துக்குப் போய்விட்டால் வண்டு, பூச்சி, சின்ன நத்தை. உதிர்ந்த பழமும் தின்னும். ஜம்பு மாதிரி ஒரு சின்னப் பழம் இங்கே உண்டு, லில்லிப்பில்லி என்பார்கள், ரோசா நிறம். நானும் தின்று பார்த்தேன், புளிப்பு.

அடுத்த கேள்வி வரும். நத்தையை ஓட்டோடு விழுங்குமா? ஒரே இடத்தில் எத்தனை நாள் மேயும்? குஞ்சுக்கு முதல் நாளிலேயே புழு கொடுக்குமா? அதற்காக நான் இரண்டு குளிர்காலம் கூடு தேடினேன். எண்பத்தாறில், இற்றுப்போன ஒரு அடிமரத்தின் கவட்டில் கண்டேன். வெளியே முழுக்கப் பச்சைப் பாசி ஒட்டி, கூடு என்றே தெரியாமல் இருந்தது. தாயும் தகப்பனும் மாறி மாறி வந்தன. ஒவ்வொரு தடவையும் அலகு நிறைய நாலைந்து புழு மீசை மாதிரித் தொங்கும். எட்டு மணி நேரம் அசையாமல் இருந்தேன். அட்டைகள் என்னைப் பங்கு போட்டுக்கொண்டன.

அந்த மேற்பார்வையாளர் அம்மா ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் இன்னொன்று சொன்னார். அந்தக் குருவி பின்பக்கத்தால் காற்று விடுமாம். அதில் சருகுக்கடியில் கிடக்கும் புழு அசையுமாம். அசைந்ததும் கொத்துமாம். யாரோ கண்டதாக எழுதியிருக்கிறார்களாம்.

"உண்மையா?" என்று கேட்டேன்.

"நான் காது வைத்துக் கேட்டதில்லை" என்றார்.

இதை ஒரு மனைவிக்கு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எந்தச் சொல்லைப் போடுவது என்று மூன்றாம் நாளும் யோசித்தேன். கடைசியில் "காற்று விடும்" என்று நாகரிகமாக எழுதினேன். பதில் வந்தது. அது சருகை நோக்கி விடுகிறதா, அல்லது சும்மா விடுகிற நேரத்தில் புழு அசைகிறதா? புழு காற்றுக்கு அசையுமா, மணத்துக்கா?

நான் ரயிலில் தனியே சிரித்தேன். இப்படிக் கேட்கிற ஒருத்தியையா நான் கட்டியிருக்கிறேன் என்று நெஞ்சு நிறைந்துபோனது. அவளுடைய முகம் எனக்கு அப்போது சரியாக நினைவில் இல்லை. படத்தை எடுத்துப் பார்த்தால்தான் வரும். ஆனால் அவளுடைய மனம் எனக்குத் தெரியும் என்று நம்பினேன். வெட்கமில்லாமல், எதையும் துருவிப் பார்க்கிற, சிரிக்கத் தெரிந்த மனம். பள்ளத்தில் குந்தியிருக்கும்போது அவள் பக்கத்தில் இருப்பதுபோலவே இருக்கும். அவளுக்குக் காட்டுவதற்கென்று இடம் பார்த்து வைத்தேன். இந்தக் கல்லில் இருத்த வேண்டும், இந்தப் பக்கம் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று. நாலு வருடம் அப்படிப் போனது.

எண்பத்தெட்டுத் தொடக்கத்தில் மாமா இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. அதை வாசித்ததும் என் மனதில் முதலில் வந்தது, இனி அவள் வரலாம் என்பது. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஜூனில் வந்தாள். விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் "மெலிஞ்சிட்டீங்கள்" என்றாள். அக்கா வீட்டில் சாப்பாடு. பிறகு நான் தனியே எடுத்திருந்த ஒரு அறை, ஒரு குசினி. அவள் பெட்டியைத் திறந்து மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் எடுத்து அடுக்கினாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். தானாக ஒன்றும் கேட்கவில்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை அக்காவின் காரை இரவல் வாங்கி அவளைப் பள்ளத்துக்குக் கூட்டிப் போனேன்.

பாதை நிழலுக்குள் இறங்கும் இடத்தில் அவள் நின்றுவிட்டாள்.

"என்ன?" என்றேன்.

"இந்த மணம்."

"சருகு மணம்தான். ஈரம். இன்னும் கொஞ்சத் தூரம் போனா எங்கட கல்லு வரும்."

எங்கட என்று சொன்னது அவளுக்கு விளங்கியிருக்காது. இறங்கி வந்தாள். கல்லில் இருத்தினேன். என் அதிர்ஷ்டம், கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை, குருவி பற்றையிலிருந்து வெளியே வந்தது. பத்தடிக்குள். ஓடியது, நின்றது, உடம்பை ஆட்டியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் குனிந்து தன் காலுறையில் ஏறுகிற அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க பாரும்" என்றேன் மெதுவாக.

பார்த்தாள். "ஓம், கண்டிட்டன். போவமே?"

"எத்தினை ஆசையாக் கேட்டு எழுதினனீர்?"

அவள் அட்டையைச் சுண்டிவிட்டு நிமிர்ந்தாள். "அது நான் கேக்கேல்லை" என்றாள். "அப்பா கேட்டவர்."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"நீங்கள் எழுதினதை மூண்டு தரம் வாசிக்கச் சொல்லுவார். பிறகு ஒவ்வொரு சொல்லாச் சொல்லுவார். அவற்ற கதை ஒருத்தருக்கும் விளங்காது, எனக்குத்தான் விளங்கும். ஒரு கேள்வி எழுதி முடிக்க அரை மணித்தியாலம் போகும். அந்தக் காத்து விடுற கடிதம் வந்த அண்டைக்கு அப்பா சிரிச்சவர். வருத்தம் வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு."

"ஏன் நீர் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் சந்தோசமா மறுமொழி எழுதினீங்கள். என்னெண்டு சொல்லுறது?"

குருவி போய்விட்டது. நாங்கள் இருவரும் அது நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவளாகவே சொன்னாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கலவரத்தில ரெண்டு நாள் காட்டுக்குள்ள கிடந்தனாங்கள். இதே மணம்தான். இருமக் கூடாது, அசையக் கூடாது. நான் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அழுதன். அப்பா குப்புறக் கிடந்தபடி ஒரு குருவியைப் பாத்துக்கொண்டிருந்தார். செட்டையில ரெண்டு வரி புள்ளி. தோட்டத்தில இருக்கேக்க அவர் அதைப் புள்ளிக்காரன் எண்டு சொல்லுவார். கையை நீட்டினாத் தொடலாம், அவ்வளவு கிட்ட வந்து சருகைப் புரட்டிப் புரட்டிப் புழு திண்டது. 'இது பயப்பிடேல்லை. கிட்ட ஒருத்தரும் இல்லை, நீ கொஞ்சம் நித்திரை கொள்' எண்டு என்ர காதுக்குள்ள சொன்னவர். நான் நித்திரை கொண்டன். அவர் முழிச்சிருந்து அதைப் பாத்தவர்."

காரில் ஏறும்முன் அவள் காலுறையைக் கழற்றி இன்னொரு தரம் உதறினாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நான் பெருமையாகச் சொல்ல முடியாது. எனக்கு ஏமாற்றப்பட்டதுபோல ஒரு கோபம். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் நாலு வருடம் ஆசைப்பட்டது பதினொரு நாள் மட்டும் கண்ட ஒரு கிழவரின் கேள்விகளுக்கு. அவரும் போய்விட்டார். அவருடைய சாவுக்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. இப்போது, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தபால்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கேள்விகளுக்காக ஏங்கினேன். இப்படி ஒரு ஏக்கத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு சனிக்கிழமை, அவள் அக்காவோடு கடைக்குப் போயிருந்தபோது, கடிதக்கட்டை எடுத்து முதலிலிருந்து வாசித்தேன். இப்போது எது யாருடையது என்று பிரிக்க முடிந்தது. நடுவில் வரும் கேள்விகள் மாமாவுடையவை. முதல் நாலு வரியும் கடைசி நாலு வரியும் அவளுடையவை. அவற்றை நான் எப்போதும் ஓடிக் கடந்துபோயிருக்கிறேன். "இண்டைக்குப் பின்னேரம் நல்ல மழை. உங்கள் குடை இங்கேதான் கிடக்கிறது." இன்னொன்றில், "பக்கத்து வீட்டில் உங்கள் பெயருள்ள ஒரு பிள்ளை இருக்கிறது. தாய் கூப்பிடும்போது நான் திரும்பிப் பார்ப்பேன்." இன்னொன்றில் வெறுமனே, "நேற்று நான் பிறந்த நாள்."

அந்தக் கடிதத்துக்கு நான் எழுதிய பதில் எனக்கு நினைவிருந்தது. கூடு எப்படிக் கட்டும் என்று ஏரோகிராம் முழுக்க எழுதியிருந்தேன்.

அவள் வந்ததும், "அந்தக் குடையைக் கொண்டு வந்தனீரோ?" என்று கேட்டேன்.

"எந்தக் குடை?"

"என்ர. கொழும்பில விட்டது."

"அது கம்பி உடைஞ்சு போச்சு. எறிஞ்சிட்டன்" என்றாள். பிறகு சற்று நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வேறு ஏதாவது கேட்பேன் என்று நின்றிருக்க வேண்டும். அவள் பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.

ஆனாலும் வாழ்ந்தோம். அவள் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். மகள் பிறந்தாள். குவேக்கர்ஸ் ஹில்லில் புதிதாகக் காணி பிரித்துக் கட்டிய வீடுகளில் ஒன்றை வாங்கினோம். எனக்கு அங்கிருந்து வேலைக்கு ஒன்றரை மணித்தியாலம். வேலையை மாற்றச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள், அவள் மட்டும் சொல்லவில்லை. பள்ளத்துக்கு அவள் மறுபடி வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு தை மாதம் பெருங்காட்டுத் தீ வந்தது. சிட்னியைச் சுற்றி நாலு பக்கமும் எரிந்தது. எங்கள் வீட்டு முற்றத்தில்கூடக் கருகிய இலை பறந்து வந்து விழுந்தது. தொலைக்காட்சியில் தெற்குப் பக்கத்து மலைகள் எரிவதைக் காட்டினார்கள். மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"உங்கட பள்ளமும் எரிஞ்சிருக்குமோ?"

"தெரியாது. பாதை பூட்டியிருக்கு."

"அதுகள் எங்க போகும்?"

"பறக்கிறது பறக்கும். ஆனா அது தூரம் பறக்கிற குருவி இல்லை. அடியில தண்ணி இருக்கிற இடம் சில வேளை தப்பும்."

அவள் தலையாட்டிவிட்டு மகளின் வாயைத் துடைத்தாள். பாதை திறந்ததும் சொல்லச் சொன்னாள்.

மூவரும் போனோம். மேலே எல்லாம் கரி. நான் பத்து வருடம் பிடுங்கிய நாயுண்ணி, பிடுங்காமல் விட்ட நாயுண்ணி எல்லாம் ஒன்றாகச் சாம்பலாகியிருந்தது. காட்டுப்பனைகள் கறுத்த தண்டோடு நின்றன, உச்சியில் மட்டும் புதுக்குருத்து. இறங்கிப்போனால், அடியில், ஓடையின் இரு கரையிலும் நாலைந்து முழ அகலத்துக்கு ஒரு பச்சைக்கோடு தப்பியிருந்தது. சருகு ஈரமாகவே கிடந்தது. மகள் அதை அள்ளி எறிந்து விளையாடினாள். மனைவி கல்லில் இருந்தாள். அட்டை ஏறுகிறதா என்று பார்க்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தோம். குருவி வரவில்லை.

"அப்பா இருந்திருந்தா இதை எழுதியிருப்பீங்களோ?" என்று கேட்டாள்.

"எழுதியிருக்க மாட்டன்."

"எழுதியிருப்பீங்கள். நான்தான் அவருக்கு வாசிச்சிருக்க மாட்டன்" என்றாள்.

குருவி திரும்பி வர இரண்டு குளிர்காலம் பிடித்தது. முதல் மழைகளுக்குப் பிறகு சருகு சேர்ந்து, அது மக்கி, புழு வந்து, அதன் பிறகுதான் அது வந்தது. கண்ட அன்று வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் பருப்பைக் கடைந்துகொண்டே "நல்லது" என்றாள். எத்தனை என்று கேட்டாள். ஒன்றுதான் என்றேன்.

மகள் படிப்பதற்கு மெல்பேர்னுக்குப் போன வருடம், நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனோம். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில மாதங்கள்தான். பூசை முடிந்து, கன்ரீனில் தோசை வாங்கி, வெளியே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து சாப்பிட்டோம். காரின் பின் இருக்கையில் யாரும் இல்லாமல் வந்ததாலோ என்னவோ, இருவரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் ஒரு இளம் சோடி ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. நான் அவர்களைப் பார்த்துவிட்டு இவளைப் பார்த்தேன். எங்களுக்கு அந்த வயதில் நடுவில் ஒரு சமுத்திரம் இருந்தது.

"கொழும்பில அந்த நாலு வருசம் நீர் என்ன செய்தனீர்?" என்று கேட்டேன்.

அவள் தோசையைப் பிய்த்த கையோடு நிமிர்ந்து பார்த்தாள். "இப்பவா கேக்கிறியள்?"

"ஓம்."

அவள் தோசையைச் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்தாள். பிறகு சொன்னாள். காலையில் அப்பாவைத் துடைத்து, கஞ்சி பருக்கி, வீட்டுக்கார அம்மாவிடம் பார்க்கச் சொல்லிவிட்டுத் தட்டச்சு வேலைக்குப் போவது. பஸ்ஸில் நின்றுகொண்டே நித்திரை கொள்வது. பின்னேரம் வந்து தபால் பார்ப்பது.

"ஒருக்கா ரெண்டு மாசம் உங்கட கடிதமே வரேல்லை" என்றாள்.

அது எண்பத்தேழு. பள்ளத்தில் வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு முறிந்த காலம். வேறொருவரைக் கொண்டு எழுதுவிக்க வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். கை சரியான பிறகும் காரணத்தை எழுதவில்லை.

"அப்பா ஒவ்வொரு நாளும் வாசலைப் பாப்பார். எனக்குப் பாத்துக்கொண்டிருக்க ஏலாமல், பழைய ஏரோகிராம் ஒண்டைக் கையில வைச்சுக்கொண்டு, புதுக் கடிதம் வந்திருக்கு எண்டு வாசிச்சன்."

"என்ன வாசிச்சனீர்?"

"குருவி மூண்டு முட்டை இட்டது எண்டு. அடுத்த கிழமை பொரிச்சது எண்டு. பிறகு என்ன சொல்லுறதெண்டு தெரியாமல், அது பலாப்பழம் திண்டது எண்டு வாசிச்சிட்டன்."

"பலாப்பழமா? இஞ்சயா?"

"எனக்கென்ன தெரியும்? அப்பா கையை ஆட்டி, 'அங்க பலா இல்லை' எண்டார். அதுக்குப் பிறகு கவனமா இருந்தனான். புழுவும் நத்தையும்தான்."

இருவரும் சிரித்தோம். இளம் சோடி எங்களைத் திரும்பிப் பார்த்தது.

"மாமாவுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சிருக்கும். நாளுக்கொரு கடிதம் ஆர் எழுதுவினம்? ஆனா ஒண்டும் சொல்லேல்லை. பின்னேரமானா, 'வாசி' எண்டுவார்." அவள் காகிதத் தட்டை நாலாக மடித்தாள், மடித்ததை இன்னொரு தரம் மடித்தாள். "கடைசியில ரெண்டு வரி நானாச் சேர்த்து வாசிப்பன்."

"என்ன வரி?"

"நீர் நல்லா நித்திரை கொள்ளுறீரோ எண்டு. வேலைக்குப் போய் வந்து களைச்சுப் போவீர், நேரத்துக்குச் சாப்பிடும் எண்டு. உம்மை நினைக்காத நாள் இல்லை எண்டு. நீங்கள் எழுதினது மாதிரி. அப்பாவுக்கு முன்னால வாசிக்க வெக்கமாத்தான் இருக்கும். ஆனா வாசிப்பன். அந்த இடம் வந்தா அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடப்பார்."

நான் அவளுடைய கையைப் பார்த்தேன். முப்பது வருடம் முடியாவிட்டாலும் இருபத்தைந்து வருடம் என் மனைவியாக இருந்தவளின் கை. வெங்காயம் வெட்டிக் கோடு விழுந்த பெருவிரல். மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது. எதற்கு என்று தொடங்குவது என்று தெரியவில்லை.

"வேற என்ன எழுதினனான்?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஞாபகம் இருக்கோ? எவ்வளவு காலம்" என்று சொல்லிவிட்டு எழுந்து, தட்டுகளைத் தொட்டியில் போட்டுவிட்டு, காருக்கு நடந்தாள்.

நான் காரை எடுத்தேன். காட்டுப்பாதை முடிந்து பெருந்தெருவில் ஏறும்வரை அவள் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "ஒருக்கா, நான் சீலை கட்டின படம் ஒண்டு அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தீங்கள்" என்றாள்.

"என்ன நிறம்?"

"நீலம்."

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். குவேக்கர்ஸ் ஹில்லுக்கு இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டும். நான் இடது கரைக்கு ஒதுங்கி, மற்ற வாகனங்களைப் போகவிட்டு, மெதுவாக ஓட்டினேன்.